ரோஸ் மில்க் ரத்தம்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு போகும் ரோட்டோரத்தில் நான் செத்துக்கொண்டிருந்தேன். கையில் கிடார்.

பயந்துவிடாதீர்கள். ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு படம் எடுத்தோம். போர்ப் படங்களையும் ராக் பாட்டுக்காரர்களையும் ஒரேயடியாகக் கிண்டல் செய்கிற படம். தோட்டா தீர்ந்துபோன ராணுவம் கிடார் வாசித்தே எதிரியை விரட்டும். எதிரி காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். கதையே அவ்வளவுதான். தளபதியான நான் குண்டடிபட்டும் வாசிப்பதை நிறுத்தாமல் சாக வேண்டும்.

கட்டுப் போடுவதில் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தலை, நெஞ்சு, கை என்று கச்சிதமாகச் சுற்றி, மேலே ரோஸ் மில்க் எசென்ஸை ஊற்றியிருந்தோம். அதற்கு எறும்புகள் வந்துவிட்டன. அதனால் மரண வேதனையை நான் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. டைரக்டரும் மற்றவர்களும் எதிர்த் தோப்பில் மாமரத்துக்குப் பின்னால் செல்போனோடு ஒளிந்திருந்தார்கள்.

அப்போது ஒரு பைக் வந்து நின்றது. வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் ஓடி வந்து என்னை மடியில் போட்டுக்கொண்டார். "அண்ணாச்சி, கண்ணத் தொறங்க! ஒண்ணும் ஆவாது, நான் இருக்கேன்" என்று தன் துண்டை என் நெஞ்சில் வைத்து அழுத்தினார். டைரக்டர் இன்னும் 'கட்' சொல்லவில்லை. யாரையோ புதிதாக நடிக்க வைத்திருக்கிறான் என்று நினைத்து நானும் கண்ணைத் திறக்கவில்லை. அவர் என்னைத் தோளில் தூக்கிப்போட்டு பைக்கை நோக்கி நடந்த பிறகுதான் மற்றவர்கள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

உண்மை தெரிந்ததும் அறைவார் என்று எதிர்பார்த்தேன். "உசுரு இருக்குல்ல, அது போதும்" என்று ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் தன் வேட்டியைப் பார்த்தார். "ஐயையோ! பொண்ணு பாக்கப் போறேங்க. எங்க வீட்டு ஆளுக எல்லாம் அங்க போயிட்டாங்க."

எனக்கு நிஜமாகவே உயிர் போய்விட்டது. நல்ல மனுஷனின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமே! சாட்சி சொல்ல, கட்டும் கிடாருமாக அவர் பைக்கில் ஏறினேன். வழியில் லாரிகூட ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டது.

பெண்ணின் அப்பா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "நல்ல காரியத்துக்கு ரத்தக்கறையோடவா வாரது? இன்னொரு நாள் பாப்போம்." அந்த 'இன்னொரு நாள்' வரவே வராது என்பது எல்லோருக்கும் புரிந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. கடைசியில் மானத்தை விட்டு, என் கைக்கட்டை அவர் எதிரிலேயே நக்கிக் காட்டினேன். "ரோஸ் மில்க்குங்க!"

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். பெண்ணே வெளியே வந்துவிட்டார். "யாருன்னே தெரியாத ஆளுக்கு இம்புட்டு ஓடியிருக்காருப்பா. எனக்கு ஓட மாட்டாரா? எனக்குச் சம்மதம்."

கல்யாண மண்டபத்தில் எங்கள் படத்தைப் போட்டார்கள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவர் ஓடி வந்து என்னைத் தூக்கும் இடத்தில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அந்தக் காட்சியை வெட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

அதற்கு முன்பெல்லாம் ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால் கூட்டத்தோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவன்தான் நான். இப்போது, சட்டையில் படும் கறையைத் துவைத்துக்கொள்ளலாம் என்று கால் தானாக ஓடிவிடுகிறது.