ஏழு கிணறுகளின் தசமப் புள்ளி

உதயகலா சுன்னாகத்துக்குப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞான ஆசிரியை. வீட்டில் அவர் மட்டும்தான். நாற்பத்து நான்கு வயதில் பகுதிநேர ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். வெங்காயத் தோட்டங்களுக்குப் போடும் உரம் கிணற்று நீரில் எவ்வளவு கலக்கிறது என்பதுதான் ஆய்வு. கூட ஆய்வு செய்தவள் கீர்த்திகா, அவரைவிடப் பதினேழு வயது இளையவள்.

இரண்டாம் வருடம் கீர்த்திகாவுக்கு நோர்வேயில் இடம் கிடைத்தது. போவதற்கு முன், அளவுகளை எல்லாம் கிட் என்ற மென்பொருளில் போட்டு இருவருக்கும் பொதுவாக வைத்தாள். கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதை அது பதிந்துகொள்ளும்.

“மாத்தினால், என்ன மாத்தினனீங்கள் எண்டு ஒரு வரி எழுதிச் சேமியுங்கோ அக்கா. அவ்வளவுதான்.”

உதயகலாவுக்கு அது அவ்வளவுதானாக இருக்கவில்லை. கறுப்புத் திரை ஒவ்வொரு கட்டளைக்கும் பிழை காட்டியது. பக்கத்தில் கேட்க ஆளில்லை. இரண்டு கட்டளைகளைக் கொப்பியில் எழுதிவைத்து, விளங்காமலே அவற்றை அடித்துவந்தார்.

கட்டுரையை அனுப்பியபோது சஞ்சிகை திருப்பிவிட்டது. ஏழு கிணறுகளின் அளவுகள் நம்ப முடியாதபடி பத்து மடங்கு கூட இருந்தன. உதயகலா கொதித்துப்போய்க் கீர்த்திகாவுக்கு எழுதினார்: “உம்மடை பதிவுகளிலை பிழை. வெட்கக்கேடு எனக்கு.”

பதில் வரவில்லை. ஒரு மாதம் போயிற்று.

மேற்பார்வையாளர் மரியரட்ணம் கேட்டார், “கீர்த்திகாதான் பிழை விட்டவ எண்டு என்னெண்டு தெரியும்? உதிலை எல்லாம் பதிஞ்சுதானே கிடக்கு. பாத்தனீரோ?”

பார்க்கவில்லை. பார்க்கும் வழியே தெரியாது. மூன்று பின்னேரங்கள் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பழகினார். நான்காம் நாள் அந்த ஏழு வரிகளையும் யார் மாற்றியது என்று மென்பொருளிடம் கேட்டார். ஏழிலும் உதயகலா என்றே வந்தது. திகதி, அவர் தவணைப் பரீட்சைத் தாள் திருத்திய வாரம். பக்கத்தில் அவரே எழுதிய குறிப்பு: ‘சிறு திருத்தம்’.

அளவுகளைப் பழையபடி ஆக்கினார். “தசமப் புள்ளியைப் பிழையாக நகர்த்தியது நான். கீர்த்திகாவின் அளவுகளே சரி” என்று எழுதிச் சேமித்துவிட்டு நோர்வேக்குத் தொலைபேசி எடுத்தார்.

“பிள்ளை, அது நான்தான்.”

“தெரியும் அக்கா. நீங்கள் எழுதின அண்டைக்கே பாத்திட்டன்.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே. நான்தான் எண்டு முடிவே கட்டீட்டீங்கள்.”

திருத்திய கட்டுரை கார்த்திகையில் இரண்டு பெயர்களோடும் வெளிவந்தது. கீர்த்திகா ஒரு வரி வாழ்த்து அனுப்பினாள். உதயகலா பதிலை எழுதி, அழித்து, திரும்ப எழுதி, கடைசியில் “நன்றி பிள்ளை” என்று மட்டும் அனுப்பினார். அதற்குப் பிறகு இருவரும் கதைக்கவில்லை.