கல்லில் மிஞ்சியிருந்த ஒரு வரி

அஜின்கோர்ட்டில் நாங்கள் ஐந்து வருடங்கள் குடியிருந்தது ஒரு பழைய பண்ணை வீட்டின் பேஸ்மென்ற். பண்ணை எப்போதோ போய்விட்டது. சுற்றிவர ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற புதிய வீடுகள், ஒரு பக்கம் தமிழ்க் கடைகள் உள்ள பிளாசாவின் பின்சுவர். நடுவில் அந்த ஒரு வீடும் அதன் முன்னால் இரண்டு மேப்பிள் மரங்களும் மட்டும் விற்கப்படாமல் நின்றன. வீட்டுக்கார அம்மா மேல்தளத்தில் தனியாக இருந்தார். எண்பது வயதானவர், திருமணம் செய்யாதவர். ஜெர்மனியிலிருந்து வந்து அந்த மண்ணில் காடு வெட்டித் தோட்டம் செய்த குடும்பத்தில் கடைசி ஆள் அவர்தான்.

முதல் மாதமே எனக்கு ஒரு சங்கடம் வந்தது. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். தாயின் வயதுள்ள ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் படியில் நின்று செருமுவேன். கடைசியில் ஒருநாள் "அன்ரி" என்றேன்.

"நான் ஒருத்தருக்கும் அன்ரி இல்லையே."

"எங்கட ஆக்கள் எல்லாரையும் அன்ரி எண்டுதான் கூப்பிடுவம்."

"அப்ப சரி. செருமுறதை விட அது பரவாயில்லை."

நாங்கள் பேசியது இங்கிலிஷில்தான். என்னுடையது உடைந்த இங்கிலிஷ். ஆனால் அவர் சொன்னவை என் மனதில் எங்கள் பேச்சாகவே தங்கிவிட்டன. அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய கண்ணில் நடுப் பார்வை போய்க்கொண்டிருந்தது. "ஓரத்திலை நிக்கிறவை தெரியினம், முன்னாலை நிக்கிறவையைத்தான் காணேல்லை" என்று சிரிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கை நிறையக் காகிதங்களோடு கீழே இறங்கி வந்து, வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். நான் ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஆலையில் பெட்டிகளின் லேபிள் பார்த்துப் பார்த்து இங்கிலிஷ் எழுத்துகள் பழகியிருந்தன. சொல்லாகச் சேர்த்து வாசிக்க வராது. அதைச் சொல்லவும் வெட்கம். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எழுத்துத் தெரியுமெல்லே?"

"ஓம்."

"நீர் எழுத்தைச் சொல்லும். சேர்க்கிறது என்ரை வேலை."

அப்படித் தொடங்கியது. ஞாயிறு இரண்டு மணிக்கு மேலே அவருடைய சாப்பாட்டு மேசையில் இருப்போம். தேவாலயப் பதிவேடுகளின் பிரதிகள், காணி உறுதிகள், குடிசனக் கணக்கெடுப்புத் தாள்கள். பாதி ஜெர்மன் பழங்கையெழுத்து. எனக்குப் பிடிபடாத எழுத்து வந்தால் பெரிய தாளில் கறுப்பு மார்க்கரால் அதை அப்படியே கீறிக் கொடுப்பேன். அவர் தாளைச் சரித்து ஓரக்கண்ணால் பார்ப்பார்.

"இது E. நீர் N எண்டு சொன்னனீர்."

"N மாதிரித்தான் கிடக்குது, அன்ரி."

"உந்தப் பழைய ஆக்கள் அப்பிடித்தான் எழுதுவாங்கள். உம்மிலை பிழையில்லை."

படித்தவர்கள் பாதி பார்த்து மீதியை ஊகித்துவிடுகிறார்கள், நான் கண்டதை மட்டும் சொல்கிறேன், அதனால் பிழை குறைவு என்று ஒருமுறை சொன்னார். என் படிப்புக் குறைவு ஒரு நன்மைக்கு உதவியது என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவர் தேடியது ஒரு பிள்ளையை. குடும்பத்தின் பழைய பைபிளின் முன்பக்கத்தில் பூட்டனாரின் பிள்ளைகள் பிறந்த விபரம் வரிசையாக எழுதியிருந்தது. மொத்தம் எட்டு வரி. மூன்றாவது வரியை யாரோ கத்தியால் சுரண்டியிருந்தார்கள். தாள் அந்த இடத்தில் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியும். ஒன்பது வயதில் அன்ரி தன் தகப்பனிடம் அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தகப்பன் பைபிளை மூடி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டாராம். பிறகு தகப்பன் சாகும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மார்க்கம் என்ற ஊர்ப் பக்கத்துச் சேமக்காலையில் குடும்பத்துப் பழைய கல்லறைக் கல் உறைபனியில் வெடித்துவிட்டது. அன்ரி புதுக் கல்லுக்குச் சொல்லியிருந்தார். பூட்டனார், பூட்டியார், எட்டுப் பிள்ளைகள், எல்லாப் பெயரும் அதில் வர வேண்டும். "நான் போனால் இந்தப் பிள்ளையைத் தேட ஆளில்லை" என்பார். அந்தக் கல்லில் எட்டாவது பெயரும் ஏறவேண்டும் என்பது மட்டும்தான் அவருக்கு மிஞ்சியிருந்த ஆசை.

ஒரு வருடத்துக்கு மேல் தேடினோம். ஒரு கணக்கெடுப்பில் வீட்டுத் தலைவனின் பெயரும் ஆண், பெண் தொகையும் மட்டும் இருந்தன. அதில், பைபிளில் மிஞ்சிய பெயர்களை விட ஒரு பெண்பிள்ளை கூடுதலாக இருந்தாள். பெயர்கள் எழுதிய அடுத்த கணக்கெடுப்பில் அந்தப் பிள்ளை இல்லை. ஆகவே பெண், சிறு வயதில் போய்விட்டாள். அதற்குமேல் நகரவில்லை. அன்ரி சொல்லச் சொல்ல நான் எழுத்து எழுத்தாக எழுதி, லூத்தரன் சபையின் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் போட்டோம்.

பதில் மாசி மாதம் வந்தது. அடுத்த வாரம் அன்ரிக்கு இதயத்தில் ஒப்பரேஷன்.

அவருடைய கடிதங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து வருவது என் வேலை. மேலே போய்த் தடுமாறக்கூடாது என்று, இங்கிலிஷ் கடிதங்களை முதலில் கீழே வைத்து அகராதியோடு ஒருமுறை பார்த்துவிடுவேன். அவருக்கும் அது தெரியும். அன்றும் அப்படித்தான் குசினி மேசையில் வைத்துச் சொல் சொல்லாகப் பார்த்தேன். ஜெர்மன் பதிவின் பிரதியும், அதற்கு இங்கிலிஷில் எழுதிய விளக்கமும் இருந்தன. பிள்ளையின் பெயர் இருந்தது. வயது ஒன்பது. விளைச்சல் பொய்த்த ஒரு வருடம் தகப்பன் அவளை எட்டு மைல் தள்ளி இன்னொரு பண்ணையில் வேலைக்கு விட்டிருக்கிறான். இரண்டு முறை தனியாக நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். இரண்டு முறையும் தகப்பனே கொண்டுபோய் விட்டிருக்கிறான். மூன்றாம் முறை பனிப்புயலில் வந்தவளை, விடிய, சொந்த வேலியோரத்தில் உறைந்த நிலையில் கண்டெடுத்தார்கள். போதகர் இதையெல்லாம் அடக்கப் பதிவில் எழுதிவைத்திருந்தார்.

மனைவி அடுப்படியில் நின்றாள். சொன்னேன். அகப்பையைக் கீழே வைத்தாள்.

"எந்த வேலி?"

"இந்தக் காணிதானே."

அடுப்பை அணைத்தாள். பிறகு, "இஞ்சாருங்கோ, ஒப்பரேஷனுக்குப் போற மனுசியிட்டை உதைச் சொல்லுவியளே? வந்தாப் பிறகு சொல்லலாம்" என்றாள்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எங்கள் ஆட்கள் அப்படித்தான். போர் நடந்த அந்த வருடங்களில் ஊரிலிருந்து ஒரு மரணச் செய்தி வந்தால், இங்கே அதைக் கேட்க வேண்டியவருக்குப் பரீட்சை இருக்கிறதா, பிள்ளைப்பேறு இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்லுவோம். என் தாய் ஊரில் இறந்தபோது எனக்கு அகதி வழக்கு விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தது. லண்டனிலிருந்த அண்ணையும் என் மனைவியும் கதைத்து, எனக்குச் சொல்லாமல் விட்டார்கள். அந்த மூன்று வாரத்துக்குள் நான் கோயிலுக்குப் போனேன். ஒரு பிள்ளையின் பூப்புச் சடங்குக்கு, சாமத்திய வீட்டுக்குப் போய் ஆட்டிறைச்சியும் சாப்பிட்டு, பகிடி விட்டுச் சிரித்தேன். சாவுத் துடக்குக்காரன் செய்யக்கூடாத எல்லாம் செய்தேன். விசாரணை முடிந்த பின்னேரம் சொன்னார்கள். நல்லதுதான் செய்தியள் என்று நானே சொன்னேன்.

அன்று மேலே போனபோது அன்ரி கேட்டார்.

"கடிதம் ஏதும்?"

"கரண்ட் பில் மட்டும்."

"காப்பகத்துக்காரர்?"

"இன்னும் இல்லை, அன்ரி."

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. இரண்டு கிழமையில் வீட்டுக்கு வந்தார். சொல்லியிருக்கலாம். தையல் காயட்டும் என்று இருந்தேன். பிறகு இருமல் வந்தது, அது மாறட்டும் என்றேன். பிறகு ஈஸ்டர். அவருடைய பெருநாளில் இதை ஏன் என்று விட்டேன். உண்மையில் அப்போது அவரை விட எனக்கே பயம் கூடிவிட்டது. செய்தியைச் சொன்னால், அது எப்போது வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கூச்சமுள்ளவனுக்கு ஒரு நாள் தள்ளிப்போட்டதை மறுநாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம்.

சித்திரையில் கல்வெட்டுகிறவர் போன் எடுத்தார். அன்ரி அவரிடம் "அவையிட்டை ஒண்டும் இல்லைப் போலை. இருந்தா இவ்வளவுக்கு எழுதியிருப்பினம். ஏழு பேரையும் வெட்டும்" என்று சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். சில நாளில் மாதிரித் தாள் வந்தது. எழுத்துகள் பெரிதாக, அழகாக, கல்லை நிரப்பியிருந்தன. அடியில் ஒரு வரிக்கு மட்டும் இடம். அது அன்ரிக்கு. அவர் போனபிறகு வெட்டுவதற்கு. நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் ஒவ்வொரு பெயராகச் சேர்த்தார். ஏழு பெயர் முடிந்தது.

"எல்லாம் சரியோ?"

"சரி, அன்ரி."

அந்தக் கடிதம் அப்போது எனக்குக் கீழே, சேர்ட் வைக்கும் லாச்சியில் கிடந்தது.

ஆனி மாதம் கல்லை நட்டார்கள். என் காரில் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். புல்லில் வெயில் அடித்தது. அவர் கைத்தடியை என்னிடம் தந்துவிட்டுக் கல்லின் முன்னால் குனிந்து, விரலால் பெயர்களைத் தடவிக்கொண்டு வந்தார். இரண்டாவது பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் விரல் நின்றது.

"இதுக்குள்ளைதான் அவள்," என்றார். "மன்னிச்சுக்கொள், பிள்ளை. உன்னைக் கண்டுபிடிக்க ஏலாமல் போச்சு."

அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். என் இங்கிலிஷ் இன்னும் உடைந்து வந்தது. பண்ணை, நடந்து வந்தது, தகப்பன், வேலி. எல்லாம் சொன்னேன். அவர் கல்லைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை.

"பேர்?"

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் வாய்க்குள் சேர்த்துப் பார்த்தார்.

"எப்ப வந்தது கடிதம்?"

"ஒப்பரேஷனுக்கு முதல்."

"அப்ப கல்லின்ரை மாதிரித் தாளை எனக்கு வாசிக்கேக்கை உமக்குத் தெரியும்."

"ஓம்."

"நான் செத்துப்போவன் எண்டு பயந்தனீரோ?"

"ஓம், அன்ரி."

"செத்திருந்தா?"

சொல்லாமல் விட்டதை நல்ல காரியம் என்று நினைத்த அத்தனை நாளும் எனக்கு அந்தக் கேள்வி வரவேயில்லை.

கார் வரைக்கும் நடந்தபிறகுதான் அடுத்ததைச் சொன்னார். "எனக்கு ஒன்பது வயதிலை அப்பா மறைச்சார். இப்ப நீர்."

அன்று பின்னேரமே கல்வெட்டுகிறவருக்குப் போன் எடுத்தார். மிஞ்சியிருக்கிற வரியில் அந்தப் பிள்ளையின் பெயரை வெட்டச் சொன்னார். அப்படியென்றால் உங்களுக்கு இடமில்லையே என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். "எனக்கு அவளை விட வயது கூட. நான் நிலத்திலை கிடப்பன்" என்று சொல்லிப் போனை வைத்தார். நான் அடுத்த நாள் அந்தக் கல்வெட்டுகிறவரிடம் தனியாகப் போனேன். பின்பக்கம் உடைத்தபடியே விட்ட கரடுமுரடான கல், அதில் வெட்ட முடியாது என்றார். ஒரு குடும்பத்துக்கு நிமிர்ந்த கல் ஒன்றுதான் என்பது அந்தச் சேமக்காலையின் சட்டம். "மாதிரித் தாள் வந்தபோது சொல்லியிருந்தால், எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிப் பத்து வரியையும் பதினொன்றாக்கியிருப்பேன். அரை மணித்தியால வேலை" என்றார்.

அன்ரி எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லவில்லை. வாடகையையும் கூட்டவில்லை. நத்தாருக்கு வழக்கம்போலக் கேக் தந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவது நின்றது. பார்வை குறைந்தவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் மெஷின் ஒன்று வாங்கினார். ஒருநாள் படியில் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

"நீர் எனக்குக் கெட்டது நினைக்கேல்லை. தெரியும்," என்றார். "ஆனா என்ரை கடிதத்தை இனி நானே திறக்கிறன்."

அன்றைக்குக் கீழே வந்து மனைவியிடம், அம்மாவின் சாவை மூன்று வாரம் மறைத்தது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். ஏழு வருடங்களுக்குப் பிறகு. அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதுதான் செய்தியள் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"ஓம். சொன்னனான்."

அவள் அடுத்த சேர்ட்டை எடுத்து மடித்தாள். அவளும் அண்ணையும் என்னைக் காப்பாற்றத்தான் நினைத்தார்கள். அந்தச் சாமத்திய வீட்டுப் படம் இன்னும் எங்கள் அல்பத்தில் இருக்கிறது. அதில் நான் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தை நான் திருப்புவதில்லை.

அன்ரி இரண்டு வருடங்கள் கழித்துக் காலமானார். வீட்டை இடித்துவிட்டார்கள். நாங்கள் அஜக்ஸுக்குப் போனோம். வருடத்தில் இரண்டு மூன்று முறை வேலை முடிந்து மார்க்கம் பக்கம் போவேன். நிமிர்ந்த கல்லில் மூன்றாவதாகப் பிறந்த பிள்ளை கடைசியாக நிற்கிறாள், தன் தம்பி தங்கைகளுக்குக் கீழே. கல்லுக்கு முன்னால் புல்லோடு புல்லாக ஒரு சிறிய தகடு பதித்திருக்கிறது. அதுதான் அன்ரி. கோடையில் புல்வெட்டுகிற மெஷின் அதன் மேலேயே ஓடும். வெட்டிய புல் எழுத்துகளுக்குள் அடைத்துக் கிடக்கும், கார்த் திறப்பு நுனியால் கிளறி எடுப்பேன். மார்கழிக்குப் பிறகு போனால் தகடு எங்கே இருக்கிறதென்று தெரிவதில்லை. கல்லிலிருந்து இரண்டு அடி அளந்து, குத்துமதிப்பாகப் பனியை விலக்கிப் பார்ப்பேன். சில நாள் அகப்படும். சில நாள் கை விறைத்துப்போய், காணாமலே திரும்பி வருவேன்.