தீப்பொறி வராத மோட்டார்

1. ஸ்விட்ச்

வெடிச்சத்தம் கேட்டதும் நான் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டேன். நிமிர்ந்தால் ஒரே புகை. மாரியப்பண்ணன் ஸ்விட்சில் வைத்த விரலை எடுக்காமல் விறைத்துப்போய் நின்றிருந்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிட்டங்கியின் மாடியில் எங்கள் ஒர்க்‌ஷாப். முதலாளி வர்கீஸ் சேட்டனும் டிப்ளமா முடித்த நானும் மட்டும்தான். எந்த மெஷின் செய்தாலும் அதை வாங்க வந்தவர்தான் முதல் ஸ்விட்சைப் போட வேண்டும் என்பது சேட்டன் வைத்த வழக்கம். அன்று அப்படித்தான் மாரியப்பண்ணன் தன் பேட்டரியை மாட்டி ஸ்விட்சைப் போட்டார்.

அவர் மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர், என் வீட்டைப் போலவே அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம். மனைவி கனகத்துக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து மூச்சுவிட டியூப் வைத்திருந்தார்கள். சளி அடைத்தால் உடனே சக்‌ஷன் மெஷினால் உறிஞ்ச வேண்டும். கரண்ட் போனால் இவர் காலால் மிதிக்கிற பம்பை எடுப்பார்; எப்போது போகுமோ என்று ராத்திரியெல்லாம் விழித்தே கிடப்பார். பேட்டரியில் ஓடும் மெஷின் கேட்டு எங்களிடம் வந்தார்.

கட்டிலருகே ஆக்ஸிஜன் சிலிண்டர் உண்டு என்றதால், உள்ளே தீப்பொறி தட்டுகிற சாதா மோட்டாரை நாங்கள் தவிர்த்தோம். உள்ளே உரசுகிற பிரஷ் இல்லாத சின்ன பிரஷ்லெஸ் மோட்டார் போடலாம் என்று முடிவு. அது தானாகச் சுற்றாது. எந்தக் காயிலுக்கு எப்போது கரண்ட் என்று புரோகிராம் எழுதிப் போட்ட ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சிப் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

"புதுசொண்ணும் வேண்டா மோளே. 8051 போதும். நமக்கு ரெண்டு பேருக்கும் அறியாமல்லோ," என்றார் சேட்டன். இருவருக்கும் நன்றாகத் தெரிந்த பழைய மைக்ரோகண்ட்ரோலர் அது. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. படிக்கும்போது தொட்ட சிப்பை விட்டு வேறெதையும் யோசிக்கிற பழக்கம் அன்று எங்கள் வட்டாரத்தில் யாருக்கும் இல்லை.

புகை கலைந்ததும் மாரியப்பண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, இது வீட்ல வச்சு வெடிச்சிருந்தா? சிலிண்டர் அவ தலமாட்டுலல்லா நிக்குது."

"என்டெ தெய்வமே," என்று சேட்டன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தீப்பொறிக்குப் பயந்து மோட்டாரைத் தேர்ந்தெடுத்தவர்கள், தீயையே டப்பாவில் போட்டு அந்த மனுஷன் கையில் கொடுக்க இருந்தோம்.

2. ரீசெட்

கருகிய போர்டை வைத்துக்கொண்டு, சிப்பின் குணங்களை எல்லாம் சொல்லும் டேட்டாஷீட்டை வரிவரியாகப் படித்தோம். பவர் வந்ததும், ரீசெட் ஆகிப் புரோகிராம் ஓடத் தொடங்கும் முன், 8051 தன் சிக்னல் கால்களான போர்ட் பின்களை எல்லாம் ஹையில், அதாவது வோல்டேஜ் உள்ள நிலையில், வைக்கும். எங்கள் சர்க்யூட்டில் ஹை என்றால், காயிலுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்சான மாஸ்ஃபெட் ஆன். பேட்டரியின் பிளஸ் பக்கம் உள்ளதும் மைனஸ் பக்கம் உள்ளதும் ஒன்றாகத் திறந்தால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும்.

நாங்கள் மெஷினைச் சோதித்த ஒவ்வொரு முறையும் இதுவேதான் நடந்திருக்கிறது! மேசையில் மோட்டாருக்கு வைத்திருந்த பவர் சப்ளை அளவுக்கு மேல் கரண்ட் தராது, அதனால் எங்களுக்குத் தெரியவே இல்லை. அதுவும் பன்னிரண்டு வோல்ட், பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட், பிறகென்ன என்றிருந்தோம். பேட்டரி கேட்டதையெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டது.

"சிக்னலைத் திருப்பி, ஹைன்னா ஆஃப்னு போட்டா போரே?" என்றார் சேட்டன், அது போதாதா என்று.

"புரோகிராம் நடுவுல நின்னுபோச்சுன்னா, திறந்தது திறந்தபடியே நிக்குமே, சேட்டா?" என்றேன். அவர் 8051-ஐ ஓரமாக எடுத்து வைத்தார்.

மோட்டாருக்கென்றே செய்த ஒரு சிப்பை வரவழைத்தோம். நாம் சொல்லும் வரை அதன் பின்கள் எதையும் திறக்காது. ஒரு மாஸ்ஃபெட் மூடிய பிறகு சற்று இடைவெளி விட்டே அடுத்ததைத் திறக்கும். கரண்ட் எகிறினால் புரோகிராமைக் கேட்காமல் தானே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். இம்முறை முதல் நாளிலிருந்தே பேட்டரியில்தான் ஓட்டினோம்.

இளைய நண்பர்கள் சிப் தேர்ந்தெடுக்கும்போது வேகம், மெமரி, விலை எல்லாம் பார்க்கிறார்கள். பாருங்கள். ஆனால் புரோகிராம் ஓடாத நேரத்தில் அது என்ன செய்யும் என்பதை முதலில் பாருங்கள்.

3. கனகம்

இரண்டாவது மெஷினை வாங்க மாரியப்பண்ணன் மனைவியையும் ஆட்டோவில் அழைத்து வந்திருந்தார். ஸ்விட்ச் போட அவருக்குக் கை வரவில்லை. கனகக்காதான் போட்டார். மோட்டார் சன்னமாக முனகி ஓடியது.

அக்கா பேசுவதற்காகக் கழுத்து டியூபை விரலால் அடைத்துக்கொண்டு கரகரத்த குரலில் என்னிடம் சொன்னார்:

"இனிமே இந்த மனுஷன் கொஞ்சம் தூங்குவாரு."