டக்ட் தகட்டில் ஒரு கவசம்

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஏசி டக்ட் செய்யும் ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபோர்மேன். மாலுக்கும் டவருக்கும் காற்றுக் குழாய் செய்வதுதான் வேலை. போன வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லித்தரும் சுமதி டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரர், கவசம் கேட்டு வந்தார். இடைக்கால இங்கிலாந்தின் வீரக் கதைப்பாட்டுகளை வைத்துப் பிள்ளைகள் நாடகம் போடுகிறார்களாம். அதில் வரும் வீரன் ஒரு சீமாட்டி முன்னால் மண்டியிட்டு வாக்குக் கொடுப்பான். பிறகு காடு, பனி, அரக்கன் எது குறுக்கே வந்தாலும் காரியத்தை முடிக்காமல் திரும்பமாட்டான். கேட்டதுமே அந்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது.

"செஞ்சு தரேன் டீச்சர்" என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நடிக்கிற பிள்ளையை நிற்க வைத்து அளவெடுத்து, டக்ட் செய்யும் ஜிஐ தகட்டை வெட்டி, மடித்து, ரிவெட் அடித்தோம். பளபளவென்று இருந்தது. ஒத்திகையில் வீரனாக நடிக்கும் ரம்யா அதைப் போட்டுக்கொண்டு விளக்குக் கம்பம் மாதிரி நின்றாள். முழங்கால் மடங்கவில்லை. மறுநாள் நாடகம்.

"அண்ணை, வீரன் மண்டியிடாட்டி கதையே துவங்காது. அட்டையிலை செய்து சமாளிப்பமோ?" என்றார் டீச்சர்.

ரம்யா விடவில்லை. "நோ மிஸ், எல்லாரும் சிரிப்பாங்க. அங்கிள், ப்ளீஸ், இதையே சரி பண்ணுங்க."

ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கி வந்தால் மேனேஜர் எரிந்து விழுந்தார். "யோவ் செல்வராசு, டவர் வேலை அப்படியே நிக்குது. கலாஸ், விட்டுத் தள்ளுய்யா."

"டூட்டி முடிஞ்சு பண்ணிக்கிறேன் சார். சொன்னா சொன்னதுதான்."

சாயங்காலம் கால் கவசத்தை நானே மாட்டினேன். ஒல்லிப்பிச்சானாகப் பிறந்தது அன்றைக்குத்தான் உதவியது. மண்டியிட்டதும் முழங்காலுக்குப் பின்னால் தகடு குத்தி உயிர் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, இடிக்கும் இடத்திலெல்லாம் மார்க்கரால் கோடு போட்டேன். டக்ட் வளையும் இடத்தில் எல்போவைத் துண்டு துண்டாகச் சேர்த்துத்தானே செய்கிறோம்? முழங்காலுக்கும் அப்படியே செய்தேன். துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்க, ரிவெட்டை லூசாக அடித்தேன். பின்பக்கத் தகட்டை வெட்டியெறிந்து வார் வைத்தேன். திரும்ப மாட்டி மண்டியிட்டேன். மடங்கியது.

மறுநாள் மேடையில் ரம்யா கடகடவென்ற சத்தத்தோடு மண்டியிட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து அரக்கனைத் தேடிப் புறப்பட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். யாராவது கவசம் கேட்டு வந்தால், ஆளை நிற்க வைத்து எடுப்பதில் பாதி அளவுதான் கிடைக்கும். மண்டியிடச் சொல்லி மீதியையும் எடுங்கள். எந்த வீரனும் அங்கிருந்துதான் எழுந்து புறப்படுகிறான்.