சர்வரை யார் போட்டது?

எங்கள் பனியன் கம்பெனியில் வாசலில் விரல் வைத்தால்தான் வருகை பதிவாகும். அதற்கு ஆபீஸில் சர்வர் ஓட வேண்டும்.

தினமும் மேனேஜர் வந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, தன் கையாலேயே சர்வர் மென்பொருளைத் தொடங்கிவைப்பார். முன்பே வந்து தைக்கத் தொடங்கியவர்கள் அதன் பிறகு எழுந்துபோய் விரல் வைப்பார்கள். அதுவரை தைத்த நேரம் கணக்கில் வராது.

நேற்று, காலையில் நான் வந்து ஆபீஸ் கம்ப்யூட்டரை ஆன் செய்ததுமே மென்பொருளும் தானாகத் தொடங்கும்படி மாற்றிவைத்தேன்.

இன்று காலை, ராஜபாளையத்திலிருந்து வந்து இங்கே தைக்கும் செல்வி ஓடிவந்தாள். "அக்கா, இன்னைக்கு வந்ததுமே விரலை எடுத்துக்கிருச்சு!"

அப்போதுதான் உள்ளே வந்த மேனேஜர் சிரிக்கவில்லை.

"ஆரு அம்மிணி சர்வரைப் போட்டது?"

"அதுவே ஓடுதுங்க."

"தானா ஓடறதெல்லாம் நமக்கு ஆகாதுங்க. பழையபடியே மாத்தி வெச்சுருங்க."

"ஏனுங்க?"

"ஊதுபத்தி காட்டறதுக்கு முந்தி எதையும் ஆரம்பிக்கக் கூடாதுங்க."

அவர் இதைச் சொன்னபோது ஊதுபத்தி இன்னும் கவருக்குள்தான் இருந்தது. பக்கத்து ஹாலில் தையல் மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

எப்படி மாற்றுவதென்று மறந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. நானும் அவரை நம்பவில்லை.

உங்கள் கம்பெனியில் சாமி எத்தனை மணிக்குக் கண் விழிக்கிறார்?