அண்ணி மறித்த கல் லாரி

எண்ணெய்க் கிண்ணம் வாசல் தாண்டிப் பறந்து தெருவில் விழுந்த அந்த நாள்தான், என் நாத்தனாரை நினைத்தால் முதலில் கண்முன் வரும். வீசியது அவர்தான். என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அரியலூர் பக்கத்து எங்கள் ஊரில் அவர் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. எனக்கும் அவருக்கும் அதுவரை ஏழாம் பொருத்தம்.

தொண்ணூறுகளின் கடைசி. என் மகளுக்கு ஒன்றரை வயது. காய்ச்சல் அனலாக அடித்தது. இடது காலைத் தொட்டாலே வீறிட்டாள். குழந்தை காலை அசைக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் சுளுக்கு என்றுதான் சொல்வோம், காய்ச்சல்கூட அந்த வலியில் வந்தது என்போம். சுளுக்கு எடுப்பவர் வந்து எண்ணெய் தடவி உருவிவிட்டார். ஐயோ, என்ன கத்து! மறுநாள் காலையில் மறுபடி உருவியபோது அவளிடம் சத்தமே இல்லை. வலி விட்டுப்போச்சு என்று எனக்கு நிம்மதி. அப்போதுதான் அண்ணி உள்ளே வந்தார்.

“ஏண்டி, நேத்து ஊரக் கூட்டுன புள்ள இன்னைக்கு ஏன் அழுவல? கண்ணு செருகுதுடி!”

கிண்ணம் பறந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர், சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரியை நடுரோட்டில் நின்று மறித்தார். டிரைவர் திட்டினார், அண்ணி அதைவிட நன்றாகத் திட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். பின்னாலேயே ஓடிவந்த நானும் ஏறிக்கொண்டேன்.

அரியலூரில் குழந்தை டாக்டர் அவள் முழங்காலில் இருந்த சிரங்கைக் காட்டினார். “இது வழியா கிருமி ரத்தத்துல கலந்துடுச்சும்மா. இடுப்பு மூட்டுல சீழ் கட்டியிருக்கு. ஊசி போட்டு அனுப்புறேன், திருச்சியில உடனே ஆபரேஷன் பண்ணணும்.” பிழைத்தாலும் நடப்பாளா என்று சொல்ல முடியாது என்றார்.

“அதெல்லாம் நடப்பா. நீங்க ஊசியப் போடுங்க சார்” என்றார் அண்ணி.

திருச்சியில் சீழை எடுத்தார்கள். இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு, வாரக்கணக்கில் ஊசி. ஒருநாள் ஊசி குத்தியதும் பழையபடி தொண்டை கிழிய வீறிட்டாள் பாருங்கள், நானும் அண்ணியும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம். நர்ஸ் எங்களைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார். கட்டுப் பிரித்துச் சில மாதம் கழித்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கையை விட்டுவிட்டு நடந்தாள். பெற்ற என்னிடம் வரவில்லை, நேராக அண்ணியிடம் போனாள். பொறாமைப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இப்போது பெரம்பலூரில் வேலைக்குப் போகிறாள். போன வாரம் நகர ஆரம்பித்த பஸ்ஸை விரட்டிப்போய் ஏறிவிட்டாள். வழியனுப்ப வந்த அண்ணி மூச்சு வாங்கப் பின்னால் ஓடினார்.

“ஒரு எடத்துல காலு நிக்குதா பாரு, இந்தக் கழுதைக்கு!”

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. நான் தடுக்கவில்லை, நன்றாகத் திட்டட்டும் என்று நின்றேன்.