பல்பொடி வண்டி

கேரவன் என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். கட்டில், ஃப்ரிட்ஜ், ஏசி என்று வீட்டையே உள்ளே வைத்துக்கொண்டு ஓடும் வண்டி. அதில் பேட்டரி படுத்துவிட்டால் ஆழ்வார்பேட்டையிலிருந்து அடையாறு வரைக்கும் தேடுவது என்னைத்தான். நான் படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. பட்டம் வாங்கிய பையன்கள் மீட்டரை வைத்துக்கொண்டு அரை நாள் குடைந்த வண்டியில், கால் மணி நேரத்தில் குறையைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். லித்தியம் பேட்டரி வந்த புதிதில், ‘பெருசுக்கு இதெல்லாம் வராது’ என்றான் ஒருவன். அவன் இப்போது என் கடையில்தான் வேலை பார்க்கிறான்.

இந்தத் தொழிலில் நான் முதன்முதலாக ஜெயித்தது பத்து வயதில். அதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் கதையின் முடிவை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது மந்தைவெளியில் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். ஆறு குடித்தனம், ஒரு குழாய். அப்பா தி.நகரில் ஜவுளிக்கடையில் விற்பனையாளர். இரண்டு அறையில் நாங்கள் ஐந்து பிள்ளைகள். நான் நடுவில் பிறந்தவன். மூத்தவனுக்கு மரியாதை, கடைசிக்குச் செல்லம். நடுவில் இருப்பவன் சாப்பிட்டானா என்று ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் யாருக்காவது ஞாபகம் வரும்.

ஒரு மார்கழி மாதம் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, ஒரு வேனோடு வந்து சேர்ந்தார். பல்பொடிக் கம்பெனியின் விளம்பர வண்டி அது. ஊர் ஊராகப் போய் ஒலிபெருக்கி கட்டி விற்பார். ராத்திரி அதிலேயே படுப்பார், அதிலேயே சமைப்பார். கம்பெனி மூடிப்போனது. வண்டி மட்டும் அவரிடம் மிஞ்சியது. கல்யாணம் ஆகாதவர். பார்க்காத ஊர் கிடையாது என்பார். அந்த ஊர்களில் ஒன்றிலாவது அவரைத் தெரிந்தவர் இருந்ததாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டு நாள் இருக்கிறேன் என்றுதான் வந்தார். மூன்றாம் நாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. பேட்டரி செத்திருந்தது. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “ரிப்பேர் வண்டின்றதால வுட்டு வெக்கறேன். ஓட ஆரமிச்ச அன்னிக்கு எடுத்துட்டுப் போயிடணும். இது இன்னா ஸ்டாண்டா?”

காம்பவுண்டுக்குள் இருந்த வாதாம் மரத்தடியிலேயே வண்டி நின்றுவிட்டது. மாமாவும் இருந்துவிட்டார். காலையில் எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து அம்மா கையால் காபி, மத்தியானம் சோறு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் வண்டிக்குள் போய்விடுவேன். உள்ளே எல்லாம் ரோஸ் நிறப் பொடி படிந்து லவங்க வாசனை அடிக்கும். கரன்ட் இல்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டு மாமா மெதுவான குரலில், எனக்கு மட்டும், “அன்பார்ந்த தாய்மார்களே, பெரியோர்களே!” என்று ஆரம்பிப்பார். தாய்மார்களும் பெரியோர்களும் நான்தான். என்னைப் பார்த்து ஒருவர் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

அவருக்காக எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. தெருக்கோடியில் ஒரு பேட்டரிக்கடை இருந்தது. கடைக்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். வெந்நீர் ஊற்றி, முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைக் கழுவினோம். தண்ணீர் அளவு பார்த்தோம். கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு அறையிலிருந்தும் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தோம். ஆறு அறையிலும் ஆசிட்டின் வீரியம் ஒரே மாதிரி இறங்கியிருந்தது. ஒன்று மட்டும் கெட்டிருந்தால் பேட்டரி மேல் குற்றம். எல்லாம் சமமாக இறங்கியிருந்தால் வேறெங்கோ குற்றம். இதை அன்றைக்கே பிடித்துக்கொண்டேன், இன்றைக்கும் மறக்கவில்லை.

சார்ஜ் ஏற்றிச் சாயங்காலம் மாட்டினோம். காலையில் கிளப்பிப் பார்க்கலாம் என்றார் மாமா. மறுநாள் ஹாரனை அழுத்தினால் சளி பிடித்த ஆடு மாதிரி கத்தியது. கடையிலிருந்து வேறு பேட்டரி கொண்டுவந்து மாட்டினோம். அதுவும் ஒரே நாளில் காலி.

“இன்னா நைனா, உங்க மாமா வண்டி டீசல்ல ஓடுதா, பேட்டரிய கடிச்சித் தின்னுட்டு ஓடுதா?” என்றார் கடைக்காரர்.

“அது ஓடவே இல்லியே,” என்றேன்.

“அதுவும் கரெக்டுதான்.”

டைனமோவுக்கு பிரஷ் மாற்றினோம், பெல்ட்டை இறுக்கினோம். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் கட்-அவுட் என்று ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. அது ஒட்டிக்கொண்டால் ஏறிய கரன்ட் வந்த வழியே போய்விடும். உப்புத்தாள் போட்டு அதையும் தேய்த்தேன். ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் மாமா “அடடா” என்பார். பிறகு போய்க் காபி குடிப்பார். எப்பேர்ப்பட்ட பொறுமைசாலி என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் அப்பாவும் காம்பவுண்டு ஆட்களும் தள்ளிப் பார்த்தார்கள். மாமா பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். தெருமுனை வரை தள்ளினார்கள். இன்ஜின் ஒரு முக்கல்கூட முக்கவில்லை. தள்ளிக்கொண்டு வந்த நேரம் முழுக்க மாமா கிளட்சிலிருந்து காலை எடுக்கவே இல்லை. வயசானவர், கால் மரத்துப் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, “இன்னா மச்சான், உன் வண்டி செக்குமாட்டுக்குப் பொறந்ததா?” என்றார். “ராசி அப்படி, மாப்ளே,” என்றார் மாமா.

கண்டுபிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். முந்தின நாள் ராத்திரிதான் பேட்டரியை மறுபடி சார்ஜ் ஏற்றி மாட்டியிருந்தோம். மாமா எங்கள் வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் தனியாக, வண்டியில் விளக்கு, ஹாரன், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றித் திரும்ப லேசாகத் தொட்டுப் பார்த்தேன். பொறி பறந்தது. எல்லாம் அணைந்திருக்கும்போது பொறி வந்தால், எங்கேயோ ஒன்று ரகசியமாகக் கரன்ட்டைக் குடிக்கிறது என்று அர்த்தம். யாரும் சொல்லித் தரவில்லை, நானே யோசித்துச் செய்தது. ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். கட்டிலுக்கு அடியில் பல்பொடி டின்கள் வைத்த மரப்பெட்டிக்குள் போனது. மேலே சாக்கு போர்த்தியிருந்தது. தொட்டால் சுட்டது. திறந்தேன். ஒரு டின்னுக்குள் ஹெட்லைட் பல்பு, பகலில் பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. ஒயரை முறுக்கியிருந்த அழகைப் பார்த்தால் நல்ல வேலை தெரிந்த கை என்று தெரிந்தது. யார் கை என்று நான் யோசிக்கவில்லை.

வண்டியிலிருந்து குதித்து ஓடினேன். “கண்டுபுடிச்சிட்டேன்! பெட்டிக்குள்ள பல்பு எரியுது! வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல!”

குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் துப்பிவிட்டு, “அப்போ வண்டி ஓடும்னு சொல்லு,” என்றார்.

“சூப்பரா ஓடும்!” என்றேன்.

அப்பா சட்டைக்குப் பித்தான் போடுவதை நிறுத்தி மாமாவைப் பார்த்தார். மாமா காபி டம்ளரைப் பார்த்தார். “எப்பவோ போட்டு மறந்துட்டேன் போலக்கீது,” என்றார். அம்மா எங்களை அடித்ததே இல்லை. அன்றைக்கு என் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். “உன்ன யார்றா அதப் போய் நோண்டச் சொன்னது?”

எனக்கு அழுகை வந்தது. உலகத்தில் திறமைக்கு மரியாதை இல்லை என்று நினைத்தேன்.

பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி, செவ்வாய்க்கிழமை காலையில் நானே மாட்டினேன். முனைகளுக்கு வாசலின் தடவினேன். அம்மா ஒரு தூக்கில் புளிசாதமும், வீட்டில் இருந்த ஒரே நல்ல கம்பளியும் கொண்டுவந்து வண்டிக்குள் வைத்தாள். வெள்ளோட்டத்துக்கு எதற்குக் கம்பளி என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா அன்றைக்கு ஏனோ சீக்கிரமே வேலைக்குப் போய்விட்டார்.

மாமா ஸ்டார்ட்டரை ஒரே ஒரு தடவை அழுத்தினார். கிர்ரென்று பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ வண்டியைக் கிளப்பியிருக்கிறேன். அந்தச் சத்தம் மாதிரி இன்னொன்று கேட்டதில்லை. மாமா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையில் வைத்தார்.

“எந்த ஊர்லயும் உன்ன மாதிரி ஒரு மெக்கானிக்க நான் பாத்ததில்ல நைனா.”

நான் பெரிய மனுஷன் மாதிரி உத்தரவு போட்டேன். “மாமா, நிறுத்திடாதீங்க. ரெண்டு மூணு ரவுண்டு அடிங்க. ஓடுனாத்தான் டைனமோ சார்ஜ் ஏத்தும்.”

“சரி நைனா. நிறுத்தல,” என்றார்.

வண்டி தெருமுனையில் அடையாறு பக்கம் திரும்பியது. அந்த வண்டியை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

ராஜா அண்ணாமலைபுரம் வழியாகச் சுற்றிக்கொண்டு மார்க்கெட் பக்கமாக வருவார் என்று கணக்குப் போட்டு, தெருமுனையில் போய் நின்றேன். முதல் ரவுண்டுக்கான நேரம் போனது. இரண்டாவதுக்கானதும் போனது. என் அண்ணனும் தம்பிகளும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை, நானும் அசையவில்லை. தூரத்தில் வேன் சத்தம் கேட்கும்போதெல்லாம் ரோட்டில் ஓரடி இறங்கி நின்று பார்த்தேன். பாலும் காய்கறியும் ஏற்றிய வண்டிகள்தான் வந்தன.

வெயில் ஏறிய பிறகு அம்மா வந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி என் பக்கத்தில் நின்று, அவளும் அடையாறு பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வேலை மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை, அதனால்தான் முகம் அப்படி இருக்கிறது என்று நினைத்தேன்.

“பயப்படாதம்மா, வண்டி எங்கயும் நிக்காது,” என்று அவளுக்கு விளக்கினேன். “இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும். பேட்டரி ஃபுல்லாயிடும்.”